நிற்கிறதும் நிற்க வைத்ததும்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

டைனோசர் மாடல் செய்வது பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைப் படித்துவிட்டுத்தான் நானும் இறங்கினேன். ஆறு மாதம் மாலை நேரங்களில் உட்கார்ந்து ஒரு டைரனோசாரஸ் செய்தேன். நாற்பதில் ஒரு பங்கு அளவு, மூக்கிலிருந்து வால் நுனிவரை 30 சென்டிமீட்டர். உள்ளே கம்பி, மேலே எம்-சீல் புட்டி. தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனா முனையால் செதில்களை ஒவ்வொன்றாக அழுத்தி எடுத்தேன். பற்களைக்கூட எண்ணி வைத்தேன். பச்சை வண்ணம் அடித்து மேசையில் வைத்தபோது, ஏழாவது படிக்கும் மகள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குப்பா, ஆனா நிக்க வச்ச மாதிரி இருக்கு" என்றாள். அவள் சொல்வது சரி என்று தெரிகிறது, தப்பு எங்கே என்றுதான் தெரியவில்லை. படங்களை இணைத்திருக்கிறேன். வண்ணம் பற்றியும் சொல்லுங்கள். அடுத்து நம் அரியலூர் டைனோசரைச் செய்ய ஆசை.

க., கரூர்

அன்புள்ள க.,

உங்கள் மகளை இனி எல்லா மாடலுக்கும் முதல் பார்வையாளராக வைத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டு பக்கம் எழுதிச் சொல்ல வேண்டியதை ஒரு வரியில் சொல்லிவிட்டாள்.

படங்களைப் பார்த்தேன். கைவேலை சுத்தமாக இருக்கிறது. ஆனால் உடம்பு நிமிர்ந்திருக்கிறது, வால் தரையில் கிடக்கிறது, இரண்டு பாதமும் பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் நிற்கிற மாதிரி அருகருகே இருக்கின்றன. இரண்டு கால், ஒரு வால், மொத்தம் மூன்று. நீங்கள் செய்திருப்பது முக்காலி. முக்காலி விழாது, ஆனால் எங்கேயும் போகாது.

இதற்காக வெட்கப்பட வேண்டாம். நிஜ எலும்பைக் கையில் வைத்திருந்தவர்களே இதைச் செய்தார்கள். 1878-இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில், 322 மீட்டர் ஆழத்தில், இகுவானோடான் என்ற தாவர உண்ணி டைனோசரின் எலும்புக்கூடுகள் முப்பதுக்கும் மேல் கிடைத்தன. அவற்றைக் கங்காரு உட்கார்வதுபோல வாலை ஊன்றி நிமிர்த்தி வைத்தார் ஆய்வாளர் லூயி டொல்லோ. ஆனால் அந்த வால் அப்படி வளையக்கூடிய வால் இல்லை. முதுகெலும்பை ஒட்டி ஓடும் தசைநாண்கள் எலும்பாகவே இறுகி, அதை ஒரு கழிபோல விறைப்பாக வைத்திருந்தன. நிமிர்ந்த கோலத்துக்காக வாலை முறித்து வளைக்க வேண்டியிருந்தது. முதுகும் வாலும் கிடைமட்டமாக இருந்திருக்க வேண்டும் என்று டேவிட் நார்மன் என்ற ஆய்வாளர் விரிவாகக் காட்டியது 1980-இல்தான். நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1915-இல் நிறுத்திய டைரனோசாரஸுக்கும் இதே கதை. 1990-களில்தான் அதைக் கழற்றிக் கிடைமட்டமாக மாட்டினார்கள். இடைப்பட்ட காலத்தில் வந்த பொம்மைகள், பாடப்புத்தகப் படங்கள் எல்லாம் அந்தப் பழைய நிமிர்வைப் பார்த்துச் செய்தவை. உங்கள் கைக்கும் அது அப்படித்தான் வந்து சேர்ந்திருக்கும்.

சரி, கிடைமட்டமாக வைத்துவிட்டால் உயிர் வந்துவிடுமா? வராது. முதலில் மாடல் விழும். என்னுடையது விழுந்தது. படத்தைப் பார்த்து முதுகைச் சரியாகத்தான் வைத்திருந்தேன். மேசையில் நிறுத்தியதும் மூக்கு குப்புறப் போய் இடித்தது. வாலுக்கு அடியில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை ஒட்டினேன். அப்புறம் ஒரு நட்டு. அப்புறம் இன்னொரு நட்டு. கடைசியில் பாதத்தில் ஆணி அடித்துப் பலகையோடு சேர்த்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், மாடல் எனக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறது என்று உறைத்தது.

அது சொன்னது இரண்டு விஷயம். ஒன்று, என் மாடலின் தலையும் மார்பும் கெட்டியான எம்-சீல். நிஜ மிருகம் அப்படி இல்லை. பறவைகளைப் போலவே அதன் கழுத்து, முதுகு எலும்புகளுக்குள் காற்றறைகள் இருந்தன. மார்புக்குள் நுரையீரலும் காற்றுப்பைகளும். முன்பக்கம் பார்க்கப் பெரிது, எடை அவ்வளவு இல்லை. இரண்டு, நான் வைத்திருந்தது எலி வால். நிஜ வாலின் அடிப்பகுதி ஏறக்குறைய இடுப்பளவு பருமன். காலைப் பின்னுக்கு இழுக்கும் முக்கியமான தசை வால் எலும்பில் தொடங்கித்தான் தொடையெலும்பில் வந்து சேர்கிறது. வால் ஒரே நேரத்தில் எதிர்ப்பாரமும் எஞ்சினும்.

அடுத்த மாடலில் தலைக்கும் மார்புக்கும் உள்ளே தெர்மோகோல் வைத்தேன், வாலைத் தடியாகக் கெட்டிப் புட்டியில் செய்தேன். ஒட்டாமலே நின்றது.

மாடலை வைத்து மிருகத்தின் பாரத்தைப் படிப்பது நம் போன்ற பொழுதுபோக்குக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் மெக்நீல் அலெக்சாண்டர், அருங்காட்சியகக் கடையில் விற்ற பிளாஸ்டிக் டைனோசர்களைக் காற்றிலும் நீரிலும் எடைபோட்டு நிஜ மிருகங்களின் எடையைக் கணக்கிட்டார். நூலில் தொங்கவிட்டு ஈர்ப்பு மையத்தையும் கண்டார். 1985-இல் அது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. பொம்மையை வைத்து விளையாடுகிறீர்கள் என்று வீட்டில் யாராவது சொன்னால் அவர் பெயரைச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆகவே இனி செதிலிலிருந்து தொடங்காதீர்கள். எலும்புக்கூட்டு வரைபடத்தைச் செய்யப்போகும் அளவுக்கே ஜெராக்ஸ் எடுத்து, பக்கவாட்டுப் படத்தின்மேல் கம்பியை வைத்து வளையுங்கள். கட்டுக்கம்பியை இரட்டையாக முறுக்கினால் போதும். கம்பி வளைகிற இடங்கள் மூட்டுகளில் மட்டும் இருக்கட்டும், எலும்பு நடுவில் வளையாது. பிறகு கொத்தனாரின் தூக்குக்குண்டுபோல, ஒரு நூலில் நட்டைக் கட்டி இடுப்புக்குச் சற்று முன்னால் பிடியுங்கள். இரண்டு காலும் தரையில் இருந்தால் நட்டு பாதங்களுக்கு நடுவே வர வேண்டும். ஒரு கால் தூக்கியிருந்தால் ஊன்றிய பாதத்துக்கு மேலேயே வர வேண்டும். அப்படி வர வேண்டுமென்றால் பாதத்தை உடம்புக்கு நேர் கீழே கொண்டுபோக வேண்டியிருக்கும். புதைபடிவக் காலடித்தடங்களும் அதையேதான் காட்டுகின்றன: இடமும் வலமும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் விழுகின்றன, வாலை இழுத்த தடம் மிக அபூர்வம். கம்பியாக இருக்கும்போதே இரண்டு நாள் மேசையில் வைத்துப் பாருங்கள். கம்பியில் நடக்காதது எம்-சீலில் நடக்காது.

பார்த்துக் கற்க வேண்டுமானால் கோழியைப் பாருங்கள். தூக்கிய காலின் விரல்கள் சுருங்கித் தொங்கும், ஊன்றியதும் விரியும். திரும்பும்போது முதலில் தலை, அப்புறம் கழுத்து, கடைசியில்தான் உடம்பு. உங்கள் மாடலில் மூக்கு, மார்பு, வால் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி, வாலை லேசாக வளைத்துப் பாருங்கள், அந்த மிருகம் எதையோ கவனித்தது போலாகிவிடும். எச்சரிக்கை ஒன்று: கோழியின் காலை அப்படியே காப்பியடிக்கக் கூடாது. கோழிக்கு நீண்ட வால் இல்லாததால் அதன் தொடை இறகுக்குள் ஏறக்குறையப் படுத்தவாக்கில் இருக்கிறது. அது முழங்காலிலிருந்து நடக்கிறது. வால் கனமான டைனோசர் இடுப்பிலிருந்து நடக்கும். சிலி நாட்டு ஆய்வாளர்கள் கோழிகளுக்குக் குஞ்சுப் பருவத்திலிருந்தே செயற்கை வால் மாட்டி வளர்த்துப் பார்த்தார்கள். அவற்றின் தொடை நிமிர்ந்தது, நடை மாறியது. 2014-இல் வந்த ஆய்வு அது. மறு ஆண்டு, வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு கொடுத்துச் சிரித்தார்கள். எனக்கென்னவோ அது நம் தொழிலுக்கு மிகவும் உதவிய ஆய்வுகளில் ஒன்று.

இன்னும் இரண்டு சின்னத் திருத்தங்கள். உங்கள் டைரனோசாரஸின் உள்ளங்கை தரையைப் பார்க்கிறது, பியானோ வாசிப்பதுபோல. அந்த மணிக்கட்டு அப்படித் திரும்பாது. கை தட்டப்போகிறவர் மாதிரி இரண்டு உள்ளங்கையும் ஒன்றையொன்று பார்க்கட்டும். அப்புறம் அந்த வாய். இரையை நோக்கிப் பதுங்கிப் போகிற மிருகம் கத்திக்கொண்டு போவதில்லை. எண்ணி வைத்த பற்களை மறைக்க மனசு வராதுதான், ஆனாலும் மூடிவிடுங்கள்.

ஒரு கெட்ட செய்தியும் உண்டு. கிடைத்திருக்கும் டைரனோசாரஸ் தோல் அச்சுகளில் உள்ள செதில்கள் மிகச் சிறியவை, சில மில்லிமீட்டர் அளவுதான். நாற்பதில் ஒரு பங்காக்கினால் முடியிழைப் பருமன். பேனா முனை அழுத்திய ஒவ்வொரு செதிலும் நிஜத்தில் சில சென்டிமீட்டர் அகலமாகிவிடும். உங்கள் ஆறு மாதத்தில் மூன்று மாதமாவது அதற்குப் போயிருக்கும், வருத்தமாகத்தான் இருக்கிறது. இந்த அளவில் கண்ணுக்குத் தெரிய வேண்டியவை சுருக்கங்கள்: முழங்கால் மடிப்பு, தோளுக்குப் பின்னால் இழுபடும் தோல், கழுத்து திரும்பும் பக்கம் கசங்கலும் மறுபக்கம் இழுவையும். புட்டி இறுகும் முன், ஈரக் கைத்துணியால் ஒற்றி எடுத்தால் தோல் போதுமான அளவு வந்துவிடும்.

வண்ணத்துக்கு வருகிறேன். ஃபிராங்க்ஃபர்ட் செங்கன்பர்க் அருங்காட்சியகத்தில் ஒரு சிட்டாகோசாரஸ் இருக்கிறது. சீனாவிலிருந்து வந்த, கிளி மூக்குள்ள சின்னத் தாவர உண்ணி. தோலின் நிறமித் தடம்கூட மிஞ்சியிருக்கிறது: மேலே கருமை, வயிற்றில் வெளுப்பு. 2016-இல் யாக்கோப் வின்தரும் குழுவும் இதை ஆராய்ந்தபோது, சிற்பி பாப் நிக்கல்ஸ் அதன் முழு அளவு மாடலைச் செய்தார். நிறத் தடங்களின்படி ஒன்று, முழுக்கச் சாம்பல் நிறத்தில் இன்னொன்று. சாம்பல் மாடலைப் பிரிஸ்டல் தாவரவியல் பூங்காவில் வெட்ட வெளியிலும் மர நிழலிலும் வைத்துப் படமெடுத்தார்கள். உடம்பில் விழும் நிழலைத் தலைகீழாக்கினால் அந்த வெளிச்சத்தில் ஒளிந்துகொள்ளத் தேவையான வண்ணம் கிடைக்கும், இல்லையா? மர நிழலில் கிடைத்ததுதான் புதைபடிவத்தோடு ஒத்துப்போனது. அது காட்டு மிருகம் என்று மாடல் சொல்லிக் கொடுத்தது.

இதை நீங்களும் வீட்டில் செய்யலாம். மாடலுக்குச் சாம்பல் பிரைமர் மட்டும் அடித்து, மதியம் மொட்டைமாடியில் வைத்து ஃபோனில் படமெடுத்து நெகடிவாக மாற்றிப் பாருங்கள். எங்கே அடர்த்தி, எங்கே வெளுப்பு என்பதற்கு அதுதான் வரைபடம். வெட்ட வெளியென்றால் நிறம் மாறும் கோடு விலாவில் மேலே, சட்டென்று விழும். காடென்றால் கீழே, மெதுவாகக் கரையும். டைரனோசாரஸின் நிறத்துக்கு நம்மிடம் ஆதாரம் எதுவும் இல்லை, எனவே பச்சையே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்களுடையது டப்பாவிலிருந்து நேரே வந்த பச்சை. அதில் கொஞ்சம் காவியும் பழுப்பும் கலந்து, நீர்க்கக் கரைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக நாலைந்து பூச்சு. பிறகு மடிப்புகளுக்குள் அடர் பழுப்பை ஓடவிட்டு மேட்டில் துடைத்துவிடுங்கள். மேலே பளபளப்பில்லாத வார்னிஷ். பளபளப்பு கண்ணில் மட்டும், ஒரே ஒரு சொட்டு.

அரியலூர் டைனோசர் என்று நீங்கள் சொல்வது கல்லமேட்டில் கிடைத்த புருகத்காயோசாரஸ்தானே? 1987-இல் யாதகிரியும் அய்யாசாமியும் பெயரிட்டபோது அதை ஊனுண்ணி என்று நினைத்தார்கள். பிறகு நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்றானது. எடுத்த எலும்புகள் நொறுங்கிப்போயின. மிஞ்சியவை கோட்டோவியங்களும் சில படங்களும். ஆசை புரிகிறது, ஆனால் இப்போது வேண்டாம். அளக்க எலும்பு இல்லாதபோது கை பழைய பொம்மைகளைத்தான் நினைத்துக்கொள்ளும். அதற்குப் பதில் குஜராத்தின் ரகியோலியில் கிடைத்து 2003-இல் பெயர் பெற்ற ராஜாசாரஸைச் செய்யுங்கள். நெற்றியில் குட்டையான ஒரு கொம்பு. இடுப்பு, கால், வால் எலும்புகள் சில இருக்கின்றன. இல்லாத இடங்களை மடகாஸ்கரில் இருந்த அதன் உறவான மஜுங்காசாரஸை வைத்து நிரப்பலாம்.

அதற்கு முன், இப்போது செய்ததைத் தூக்கிப் போடாதீர்கள். ஆக்ஸா பிளேடால் வாலை இடுப்போடு அறுத்து, உள்ளே இரண்டு கம்பிகளைச் செருகிப் பின்னோக்கி நேராக மாட்டுங்கள். அடியில் புட்டி சேர்த்துத் தடியாக்குங்கள். கணுக்காலிலும் ஒரு வெட்டு வேண்டியிருக்கும். முதல் தடவை மூக்கு குப்புற விழும், நாணயம் ஒட்டாதீர்கள். மார்பைக் குடைந்து எடுங்கள்.