எரிந்து விழும் மகன், கட்டிலுக்கடியில் கிடக்கும் ஷூ

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. கலகலவென்று இருந்தவன் இப்போது எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறான். கதவைச் சாத்திக்கொண்டு இரவு ஒரு மணிவரை செல்போன். காலையில் எழுப்புவதே போராட்டம். மதிப்பெண்ணும் குறைந்துவிட்டது. செல்போனைப் பிடுங்கினேன், கதவை உதைத்தான். "இந்த வயசுல எல்லாரும் இப்படித்தான்" என்கிறார் என் கணவர். கால்பந்து என்றால் அவனுக்கு உயிர். அந்த ஷூ மூன்று மாதமாகக் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. என்ன செய்வது டாக்டர்?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் அந்த ஷூவில்தான் என் கண் நின்றது. ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. விடலைப் பருவத்தில், உணர்ச்சிகளைக் கிளப்பும் மூளைப் பகுதிகள் முந்திக்கொள்கின்றன. நிதானத்தையும் முன்யோசனையையும் தரும் நெற்றிப்பக்க மூளையோ 20 வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கும். தூக்கம் வரவைக்கும் மெலடோனின் சுரப்பதும் இந்த வயதில் ஓரிரு மணி நேரம் தள்ளிப்போகிறது. ஆனால் தேவைப்படும் தூக்கம் 8 முதல் 10 மணி நேரம். அதன் மேல் செல்போன் வெளிச்சமும் சேர்ந்தால், காலையில் எழ முடியாததைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது.

சரி, மீதிப் பாதி? பெற்றோரிடம் எரிந்து விழும் பிள்ளை பெரும்பாலும் நண்பர்களிடம் ஓடும், மைதானத்துக்கு ஓடும். உயிராக நினைத்ததையே விட்டுவிட்டால் அது வேறு கதை. மனச்சோர்வு என்றால் அழுகையும் சோகமும்தான் என்று நினைக்கிறோம். இந்த வயதில் அது பல நேரம் எரிச்சலாகவும் கோபமாகவும்தான் வெளியே வரும். அதனாலேயே "திமிர்" என்று பெயர் வாங்கிக்கொண்டு எத்தனையோ பிள்ளைகள் தனியாகத் தவிக்கிறார்கள். இப்படி இரண்டு வாரம் தொடர்ந்தாலே கவனிக்க வேண்டும் என்போம். உங்கள் மகனுக்கு மூன்று மாதம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருக்கிறது. உங்கள் வளர்ப்பில் குறை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

கடிதத்தை வைத்து இன்ன நோய் என்று நான் சொல்ல மாட்டேன். அணியில் யாராவது அவமானப்படுத்தியிருக்கலாம், இணையத்தில் யாரோ மிரட்டலாம், போதைப் பழக்கம் எட்டிப் பார்த்திருக்கலாம். ரத்தசோகை, தைராய்டு கோளாறுகூட ஆளைச் சோர்வாக்கும்.

அவனிடம் பேசுங்கள். எதிரில் உட்கார வைத்து விசாரிக்க வேண்டாம். சேர்ந்து நடக்கும்போதோ துணி மடிக்கும்போதோ, முகம் பார்க்காமல் பேசுவது இந்த வயதுக்குச் சுலபம். "ஏன்டா இப்படி ஆயிட்டே?" என்று ஆரம்பிக்காமல், "மூணு மாசமா நீ ஷூவையே எடுக்கல, கவனிச்சேன். மனசு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். "ஒண்ணுமில்ல" என்பான். பரவாயில்லை, இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள்.

செல்போனைப் பிடுங்குவது வேண்டாம். ஒருவேளை அவன் மனம்விட்டுப் பேசும் ஒரே நண்பன் அதற்குள் இருக்கலாம். இரவில் எல்லோருடைய செல்போனும் கூடத்தில்தான் என்று வையுங்கள், உங்களுடையதும் சேர்த்து.

இன்னொன்று, இதைக் கேட்கத் தயங்காதீர்கள்: "செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, கேட்க ஆள் இருக்கிறது என்ற ஆறுதல்தான் வரும். ஆமாம் என்றாலோ, உடலில் கீறல் தெரிந்தாலோ, தனக்குப் பிடித்த பொருள்களைப் பிறருக்குக் கொடுக்க ஆரம்பித்தாலோ தாமதிக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அதுவரை அவனைத் தனியாக விடாதீர்கள். மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி வையுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றாலும் இந்த வாரமே குழந்தைகள் நல மருத்துவரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். வழக்கமான ரத்தப் பரிசோதனைகளோடு, மருத்துவர் அவனிடம் கொஞ்ச நேரம் தனியாகப் பேச விரும்புவார். நீங்கள் வெளியே காத்திருங்கள், "என்ன சொன்னே?" என்று அப்புறம் துருவ வேண்டாம். உயிருக்கு ஆபத்தான விஷயம் என்றால் மருத்துவரே உங்களிடம் சொல்வார். லேசான மனச்சோர்வுக்குப் பேச்சு சிகிச்சையே பெரும்பாலும் போதும். மாத்திரை தந்தால் முதல் சில வாரங்கள் அவனை உன்னிப்பாகக் கவனியுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். முடிந்தால் முதல் முறை உங்கள் கணவரும் கூட வரட்டும்.