எலிக்கு வழி சொன்னது மூக்கா, மூளையா? – கேள்வி பதில்

ஆறு வருடம் ஆய்வகத்தில் எலிகளைப் புதிர்ப்பாதையில் ஓடவிட்டவன் நான். எலி எப்படி இரை தேடுகிறது, எப்படி வழியை நினைவில் வைக்கிறது என்று கேளுங்கள். எலி மருந்து பற்றி மட்டும் வேண்டாம்.

மளிகைக்கடைக்காரர்: அரிசி மூட்டையை எந்த மூலைக்கு மாற்றினாலும் எலி வந்துவிடுகிறது. எல்லாம் மோப்பம்தானே சார்?

மாற்றிய மூட்டையைக் கண்டுபிடிக்க மோப்பம் உதவும், சரி. அந்த 'எல்லாம்'தான் இடிக்கிறது. 1976-இல் டேவிட் ஓல்ட்டனும் ராபர்ட் சாமுவேல்சனும் சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி எட்டுப் பாதைகள் அமைத்து, ஒவ்வொன்றின் முனையிலும் கொஞ்சம் தீனி வைத்தார்கள். தின்ற பாதைக்கே திரும்பினால் ஒன்றும் கிடைக்காது. பழகிய எலிகள் முதல் எட்டு ஓட்டத்தில் சராசரியாக ஏழுக்கும் மேற்பட்ட வெவ்வேறு பாதைகளுக்குப் போயின. தன் வாடையே அடையாளம் காட்டியிருக்கும் என்பீர்கள். அந்தச் சந்தேகம் அவர்களுக்கும் வந்தது. சவரத்துக்குப் பின் தடவும் லோஷனைத் தெளித்துப் பார்த்தார்கள், எலிகள் தடுமாறவில்லை. ஓட்டத்தின் நடுவே எலியை மையத்தில் அடைத்துவிட்டுப் பாதைகளை இடம் மாற்றினார்கள். தின்ற பாதை, தின்னாத பாதை என்று எலி பார்க்கவில்லை. அறையின் வரைபடம் மூளையில் இருப்பதுபோல, எந்தப் பக்கம் இன்னும் போகவில்லையோ அங்கே போனது.

ஒரு இல்லத்தரசி: எலிக்கு எந்த மருந்து நல்லது?

முதல் பத்தியைப் பாருங்கள். ஒன்று மட்டும்: பசை அட்டை வாங்காதீர்கள். எலி மணிக்கணக்கில் உயிரோடு துடிக்கும்.

கல்லூரி மாணவி: வெள்ளை எலிக்குப் பார்வை மங்கல் என்கிறார்கள். அப்புறம் அறையில் எதைப் பார்க்கும்?

நல்ல கேள்வி. ஜன்னல், கதவு, விளக்கு மாதிரிப் பெரியவை போதும். அதைவிட, இடத்தின் வடிவம். 1986-இல் கென் செங் செவ்வகப் பெட்டியில் எலிக்கு இரை இருக்கும் இடத்தைக் காட்டி, பிறகு புதைத்துவிட்டுத் தேடவிட்டார். மூலைக்கு மூலை வேறு தோற்றம், வேறு வாசனை. ஆனாலும் எலி சரியான இடத்தைத் தோண்டிய அளவுக்கு அதன் நேர் எதிர்க்கோடி இடத்தையும் தோண்டியது. நீளச் சுவர் எந்தக் கைப்பக்கம் என்பதை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதானே! வாசனை அங்கேயே இருந்தும் இந்தத் தவறு. மளிகைக்கடைக்காரர் கவனிக்கவும்.

மளிகைக்கடைக்காரர்: பெட்டி வேறு, கடை வேறு சார். கும்மிருட்டில் ஓடுகிறதே?

ஓய்வுபெற்ற ஆசிரியர்: மோப்பமும் இல்லை, வரைபடமும் இல்லை. வெறும் பழக்கம்.

ஆசிரியர் ஐயா, உங்கள் கட்சிக்கும் சாட்சி உண்டு. 1908-இல் கார், வாட்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பழகிய பாதையைச் சட்டென்று குட்டையாக்கினார்கள். எலிகள் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டன. ஆனால் 1996-இல் பேக்கார்ட், மெக்கா என்ற ஆய்வாளர்கள் செய்ததையும் கேளுங்கள். கூட்டல் குறி வடிவப் பாதை. பக்கவாட்டு முனை ஒன்றில் இரை வைத்து, ஒரே முனையிலிருந்து விட்டுப் பழக்கினார்கள். எட்டாம் நாள் எதிர்முனையில் விட்டபோது பெரும்பாலான எலிகள் இரை இருந்த இடத்துக்கே போயின. பதினாறாம் நாள் பெரும்பாலானவை பழகிய கைப்பக்கமே திரும்பி, இரை இருந்த இடத்துக்கு எதிர்ப்பக்கம் போயின. அப்போது மூளையில் பழக்கத்தைக் கவனிக்கும் காடேட் பகுதியை மரத்துப்போகச் செய்தால், எலிகள் மறுபடி இடத்துக்குப் போயின. வரைபடம் அழியவில்லை, பழக்கம் மேலே ஏறி உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். இருட்டில் மீசையும் சுவரும் துணை.

ஒருவர்: 2014 மருத்துவ நோபல் பரிசும் எலி மூளை ஆய்வுக்குத்தானே? எதற்கு?

ஓர் இடத்தில் இருக்கும்போது மட்டும் துடிக்கும் நரம்புச் செல்களைக் கண்டதற்காக ஜான் ஓ'கீஃபுக்கு. கட்டம் போட்டதுபோல் துடிக்கும் செல்களுக்காக மோசர் தம்பதிக்கு.

விவசாயி: வரப்பு எலி வளையை எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் ஆய்வக எலிக்காரன். இருளர்களைக் கேளுங்கள்.

இன்னொருவர்: எலி மருந்து பெயர் சொல்லுங்க சார்.

முதல் பத்தி. பசை அட்டையும் வேண்டாம்.

மளிகைக்கடைக்காரர்: அப்போ மூட்டையை மாற்றிப் பயனே இல்லையா?

மூலைக்கு மூலை மாற்றி என்ன பயன்? எலி சுவரை ஒட்டியே ஓடும். மூட்டையைப் பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். பொறியைக் கடை நடுவில் வைக்காமல் சுவரோரம் வைத்து, முதல் சில நாள் கதவைத் திறந்தே விட்டு, உள்ளே தேங்காய்ச் சில்லு போடுங்கள். புதுப் பொருளென்றால் எலி ஒதுங்கும். அது அங்கே வந்து தின்று பழகட்டும், அப்புறம் கதவு விழும்படி பொறியை வைக்கலாம்.