பழைய ‘லை’யும் ஒரு ஹெட்போனும்

கேள்வி: எனக்கு வயது 36. கோவில்பட்டியில் வீட்டிலிருந்தபடியே சென்னை நிறுவனம் ஒன்றுக்கு கிராஃபிக் டிசைனராக வேலை பார்க்கிறேன். லேபிள், போஸ்டர், கல்யாணப் பத்திரிகை என்று நாள் முழுக்க மற்றவர்கள் கேட்பதையே செய்து கொடுக்கிறேன். ராத்திரியில் ஓவியம், இசை, தெருவில் பார்த்தது என்று மனதில் படுவதை நோட்டில் எழுதுகிறேன். ஆறு நோட்டு சேர்ந்துவிட்டது. போன மாதம் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தைக் கேட்டபடி ஒரு கடலைமிட்டாய் லேபிளுக்கு எழுத்து வரைந்துகொண்டிருந்தேன். அப்பா பின்னால் வந்து நின்று, “லைக்குப் பழைய சுழி போட்டுப் பாருடா, வார்த்தை ஒண்ணா நிக்கும்” என்றார் (1950இல் பிறந்தவர், ஃப்ளெக்ஸ் வரும்வரை ஊரில் போர்டு எழுதியவர்). இப்போது யாரும் அப்படி எழுதுவதில்லை என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். எனக்குள் இருக்கும் கலைஞன் செத்துக்கொண்டிருக்கிறான். வேலையை விட்டுவிடலாமா? என்னைப் புரிந்துகொள்ள வீட்டில் ஆள் இல்லை.

பதில்:

தம்பி, உங்கள் கடிதம் எட்டுப் பக்கம். மேலே இருப்பது சுருக்கம்தான். அந்த எட்டுப் பக்கத்தில் அப்பாவுக்குக் கிடைத்தது நாலு வரி. அவர் யார் என்பதை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த நாலு வரியைத்தான்.

வேலையை விடலாமா என்றால், வேண்டாம். வீட்டுக்கடனும் மகளின் பள்ளிக் கட்டணமும் இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கலைஞன் செத்துக்கொண்டிருக்கிறான் என்று மாதம் இரண்டு கடிதமாவது எனக்கு வருகிறது. அதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை. ஹெட்போனுக்கு வருவோம்.

அப்பா சொன்னதை ஒரு தாளில் பென்சிலால் எழுதிப் பார்த்தேன். நீங்கள் பார்த்தீர்களா? இன்றைய முறையில் ‘கடலை’ என்று எழுதினால் ட-வுக்கும் ல-வுக்கும் நடுவில் சங்கிலிக் கொம்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. வார்த்தை அந்த இடத்தில் அகன்று போகிறது. பழைய லையில் அந்தக் கொம்பே கிடையாது. ல-வின் மேலேயே ஒரு சுழி யானைத் துதிக்கை மாதிரி எழுந்து வளையும். ட-வும் ல-வும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். “ஒண்ணா நிக்கும்” என்று அவர் சொன்னது இதைத்தான். பழைய காலத்து ஆசையில் வந்த பேச்சு அல்ல அது. இடைவெளியைப் பார்த்துச் சொன்ன தொழில் பேச்சு. உங்கள் அலுவலகத்தில் ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் உடனே அடித்துத் திருத்தியிருப்பீர்கள். லேபிள்காரர் பழைய எழுத்தை ஏற்பாரா என்பது வேறு விஷயம். போட்டுப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தபோது அவருக்கு 28 வயது. ணா, றா, னா, லை, னை என்று 13 எழுத்துகளுக்கு உருவம் மாறியது. சீர்திருத்தம் நல்லதுதான், அச்சுக்கும் தட்டச்சுக்கும் வேலை எளிதானது. ஆனால் சாக்பொடி தடவிய நூலைச் சுண்டிக் கோடு போட்டு, அதன்மேல் பிரஷ்ஷால் ஒரே இழுப்பில் சுழித்துப் பழகிய கைக்கு, பாதித் தொழிலில் எழுத்தே மாறுவது என்றால் என்ன என்று யோசியுங்கள். இரண்டு உருவத்தையும் கையால் அறிந்த மனிதர் உங்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருக்கிறார். அப்புறம் ஃப்ளெக்ஸ் வந்து அந்தக் கைக்கு வேலையே இல்லாமல் செய்துவிட்டது. நீங்கள் கம்ப்யூட்டரில் செய்வது அவர் சுவரில் செய்த அதே வேலை. ஆறு நோட்டு எழுதிய உங்களுக்கு இது ஒரு நாள்கூடத் தோன்றவில்லையா?

இன்னொன்று எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. நோட்டிலிருந்து நகலெடுத்து அனுப்பிய இரண்டு பக்கமும் காருகுறிச்சியாரைப் பற்றியது. ராஜரத்தினம் பிள்ளையின் சீடராக இருந்து கற்றதை உருகி எழுதியிருக்கிறீர்கள். நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குருபக்தியைக் காதில் கேட்டுக்கொண்டே, எழுத்துக்கு வழி சொல்ல வந்தவரை வாயடைக்கச் செய்திருக்கிறீர்கள்.

காருகுறிச்சியார் உங்கள் ஊரில் வாழ்ந்தவர். 1964இல் அவர் இறந்தபோது அப்பாவுக்கு 14 வயது. ஏதாவது கோயில் விழாவிலோ கல்யாண வீட்டிலோ அந்த நாதஸ்வரத்தை நேரில் கேட்டிருக்கலாம். கேட்டாரா? சிவகாசி காலண்டர்களில் வீட்டுக்கு வீடு தொங்கிய சாமி படங்களை வரைந்த கொண்டையராஜுவும் கோவில்பட்டிக்காரராகவே வாழ்ந்து 1976இல் மறைந்தார். அப்போது அப்பா பிரஷ் பிடித்த இளைஞர். அவரைப் பார்த்தாரா, அவர் ஸ்டுடியோ வாசலிலாவது நின்றாரா? ஓவியத்துக்கும் இசைக்கும் நோட்டு நோட்டாக எழுதுகிற உங்களுக்கு இந்த இரண்டில் ஒன்றுக்கும் பதில் தெரியாது என்று நினைக்கிறேன். தெரிந்திருந்தால் எட்டுப் பக்கத்தில் எங்காவது வந்திருக்கும்.

பெற்றவருக்குச் சோறும் மாத்திரையும் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கும் பிள்ளைகளை நான் ஏற்பதில்லை. அவர் கற்றதைக் கேட்டு வாங்கிக்கொள்வதும் கடமைதான். கேட்க ஆள் இல்லாத வீட்டில் முதியவர்கள் மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். வீட்டில் யாரும் உங்களைப் புரிந்துகொள்ளவில்லை என்கிறீர்கள். அந்த வீட்டில் அப்படிச் சொல்லும் உரிமை முதலில் அவருக்குத்தான் உண்டு. அவர் சொல்லவில்லை. போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

இன்று ராத்திரி நோட்டை எடுக்க வேண்டாம். அந்த லேபிளைப் பழைய லையோடு ஒரு தடவை வரைந்து, திரையில் காட்டாமல் தாளில் பிரின்ட் எடுத்துத் திண்ணைக்குக் கொண்டுபோங்கள். மன்னிப்பு எல்லாம் கேட்க வேண்டாம், அவருக்குக் கூச்சமாகிவிடும். “சுழி சரியா வரலைப்பா, எங்க தப்பு?” என்று கேளுங்கள். கையில் ஒரு பென்சிலும் கொடுங்கள்.

அவர் எழுதிய போர்டு ஊரில் ஒன்றாவது மிச்சம் இருக்கும். எங்கே என்று அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுமுன் வண்டியில் கூட்டிக்கொண்டு போங்கள், மகளையும் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு. அவருக்கு முழங்கால் வலி என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். மெதுவாக ஓட்டுங்கள்.