டிரா ஆன செஸ் ஆட்டத்தில் ஒருவருக்கு ரேட்டிங் 14 ஏறி, மற்றவருக்கு 7 மட்டும் இறங்கியது ஏன்?

சென்னையில் நடந்த ஒரு கிளாசிக்கல் (நீண்ட நேர ஆட்ட) செஸ் போட்டியில், 1600 ரேட்டிங் (ஆட்ட பலத்தைக் காட்டும் எண்) உள்ள உங்கள் 12 வயது மகன் 1900 ரேட்டிங் உள்ள ஒரு பெரியவரிடம் டிரா செய்திருக்கிறான். புள்ளி ஆளுக்கு அரை. ரேட்டிங் மட்டும் ஏன் மாறியது என்கிறீர்கள். கணக்கில் பிழை இல்லை.

சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே ரேட்டிங் கணக்கிடப் பயன்படுத்துவது ஈலோ முறை. ரேட்டிங்கில் 300 இடைவெளி என்றால், வலுவானவர் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 0.85 புள்ளி எடுப்பார், மற்றவர் 0.15 எடுப்பார் என்பது அதன் எதிர்பார்ப்பு. டிராவில் இருவருக்கும் 0.5. ஆக, பெரியவருக்கு 0.35 குறைவு, உங்கள் மகனுக்கு 0.35 கூடுதல். அட்டவணையில் டிரா, ரேட்டிங் பார்வையில் அவருக்கு அது பாதித் தோல்வி.

இந்த வித்தியாசத்தை 'கே' என்ற எண்ணால் பெருக்குவார்கள். 18 வயதுக்கு உட்பட்டு, 2300-ஐத் தொடாதவர்களுக்கு 40; 2400-ஐ எட்டாத மற்றவர்களுக்குப் பொதுவாக 20. பெருக்கிப் பாருங்கள்: ஏற்றம் 14, இறக்கம் 7. சிறுவர்களின் ஆட்டம் வேகமாக வளர்வதால், ரேட்டிங்கும் கூடவே ஓடட்டும் என்ற ஏற்பாடு இது. நம் ஊர்ப் போட்டிகளில் நரைத்த தலைகள் சிறுவர்களோடு மோதத் தயங்குவது இதனால்தான்; 1600 என்பது அந்தப் பையனின் பழைய பலமாகவும் இருக்கலாம்!

இத்தகைய ஜோடிகள் முதல் சுற்றில் சாதாரணம். சுவிஸ் முறையில், அதாவது யாரையும் வெளியேற்றாமல் சுற்றுதோறும் ஏறக்குறைய சம புள்ளி உள்ளவர்களை மோதவிடும் முறையில், முதல் சுற்றுக்கு ரேட்டிங் பட்டியலின் மேல்பாதியைக் கீழ்ப்பாதியோடு மோதவிடுவார்கள்.