"நாய் வந்தால் நான் வெளியே போய்விடுவேன்" என்கிறார் அம்மா!

அன்புள்ள மேடம்,

நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். திருச்சி பொன்மலைப் பக்கம் ஒரு வீட்டின் மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். அப்பா துவாக்குடியில் வெல்டராக இருக்கிறார். அம்மா ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை பார்க்கிறார். நான் ஒரே பெண். பள்ளி விட்டு ஐந்து மணிக்குள் வந்துவிடுவேன். அப்பா வர எட்டு ஆகும், அம்மா வர ஒன்பதும் ஆகும். அதுவரை வீட்டில் நான் மட்டும்தான். டிவியைப் போட்டுவிட்டு, அதைப் பார்க்காமலே உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் தெருமுனை டீக்கடை ஓரத்தில் ஒரு நாய் குட்டி போட்டது. மற்றதெல்லாம் செத்துவிட்டன, ஒரு செவலைக் குட்டி மட்டும் பிழைத்திருக்கிறது. இரண்டு மாதம் இருக்கும். தினமும் பிஸ்கட் போடுகிறேன். தெரு திரும்பும்போதே என்னைப் பார்த்துவிட்டு ஓடி வரும். ரொம்ப சாது, யாரையும் ஒன்றும் செய்யாது. போன வாரம் விளையாடும்போது அதன் பல் என் விரலில் லேசாகக் கீறியது. ரத்தம்கூட வரவில்லை, தண்ணீரில் கழுவிவிட்டேன். அம்மாவுக்குத் தெரியாது.

குட்டியை வீட்டுக்குக் கொண்டுவரட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "நாய் இந்த வீட்டுக்குள்ள வந்தா நான் வெளியே போறேன்" என்று சொல்லிவிட்டார். மாமாவுக்குச் சின்ன வயதில் நாய் கடித்து, தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டார்களாம். அவர் கதறியதை எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். அது அந்தக் காலம் என்று சொன்னால் கேட்பதில்லை. நாய் வளர்ப்பதால் என்னென்ன நன்மை என்று வீடியோவெல்லாம் காட்டினேன், அதற்கும் அசையவில்லை. அப்பாவைக் கேட்டால், "அம்மா சரின்னா எனக்கும் சரிதான்" என்கிறார். சில நாளாக நான் அம்மாவுடன் பேசுவதில்லை, டிபன் பாக்ஸும் எடுத்துப் போவதில்லை. அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத மாணவி, திருச்சி

ஆலோசகரின் பதில்

அன்பு மகளுக்கு,

முதலில் உன் விரல். நீ ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. இதைப் படித்ததும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், இன்றைக்கே புத்தூர் அரசு மருத்துவமனைக்கோ பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போக வேண்டும். அங்கே வெறிநோய்த் தடுப்பூசி இலவசம். ரத்தம் வராத சின்னக் கீறலுக்கும் அந்த ஊசி உண்டு. குட்டிதானே என்றோ, சாதுவாகத்தானே இருக்கிறது என்றோ விட்டுவிட முடியாது. குட்டிக்கும் அந்த நோய் இருக்கலாம். நோய் வெளியே தெரிய வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். தெரிந்துவிட்டால் அதன்பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய நடக்காத காரியம். ஒரு வாரம் தாண்டிவிட்டதே என்று தயங்காதே, தாமதமாகப் போனாலும் போவதுதான் சரி. வெறும் தண்ணீரில் கழுவியதும் போதாது. நாயின் பல்லோ நகமோ பட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். இதை உன் தோழிகளுக்கும் சொல்லிவை.

இதற்குப் பெரியவர்கள் துணை வேண்டும். எனவே அம்மாவிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னால் நாய் ஆசை அன்றோடு முடிந்தது என்று உனக்குத் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. பல்தடம் பட்டதை மறைத்த பெண்ணை நம்பி ஒரு நாயை எப்படி வீட்டுக்குள் விடுவது? பயந்துகொண்டே வந்து உண்மையைச் சொல்கிற பெண்ணோடுதான் மேற்கொண்டு பேச முடியும். "அம்மா, ஒரு விஷயம், திட்டினாலும் பரவாயில்லை" என்று ஆரம்பித்துச் சொல். திட்டுவார், அழவும் செய்வார். அந்த நேரத்தில் குட்டிக்காக வாதாடாதே.

ஊசிக்கு உன்னோடு அம்மா வந்தால் நல்லது. தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், அப்புறம் 3, 7, 28ஆம் நாட்கள் என நான்கு தடவை போக வேண்டும். மேல்கையில்தான் போடுவார்கள். அம்மா மனதில் வேறு ஓர் ஊசி இருக்கிறது. அவர் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் வெறிநோய் ஊசி மருந்தை ஆட்டு மூளையிலிருந்து தயாரித்தார்கள். 1907ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் அது தயாரானது. நாளுக்கு ஒன்றாக, வயிற்றைச் சுற்றி, பத்து முதல் பதினான்கு ஊசி. போட்ட இடமெல்லாம் வீங்கி வலிக்கும். சிலருக்கு அந்த மருந்தாலேயே நரம்பு பாதித்து வாதம் வந்ததும் உண்டு. 2004 இறுதியோடுதான் இந்தியாவில் அதைக் கைவிட்டார்கள். கூடப் பிறந்தவனைப் பிடித்து அமுக்கிக்கொண்டு வரிசையாக ஊசி போட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்த சிறுமிக்கு நாய் என்றால் வேறு என்ன ஞாபகம் வரும்? நீயோ அது அந்தக் காலம் என்று ஒதுக்கிவிட்டாய். வீடியோக்கள் எடுபடாமல் போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அவர் பயத்தைச் சொல்கிறார், நீ நன்மையைக் காட்டுகிறாய்.

அதனால் ஒருநாள், நாய்ப் பேச்சையே எடுக்காமல், "மாமாவுக்கு ஊசி போட்டப்ப நீயும் கூடப் போனியாம்மா?" என்று கேள். கதையை முழுசாகச் சொல்லவிடு. மாமாவைக் கடித்த நாய் யாருடையது, வீட்டில் யார் யாரைத் திட்டினார்கள், அன்றைக்கு அம்மாவுக்கு என்ன வயது என்று கேட்டுக்கொண்டே போ. இடையில் எதையும் திருத்தாதே. எங்களிடம் வருகிற குடும்பங்களில் அடிக்கடி பார்க்கிறேன், பெரியவர்களின் பயத்தோடு பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள், அதைக் கேட்டுக்கொள்வதில்லை. தன் பயத்தை மகள் மதிக்கிறாள் என்று தெரிந்தால் அம்மாவின் குரல் கொஞ்சமாவது இறங்கும். மாமா ஊரில் இருந்தால் அவரிடமும் பேசிப் பார். கடிபட்டவர் இப்போது நாய்களோடு சகஜமாக இருக்கிறார் என்றால், அவர் அம்மாவிடம் சொல்லும் ஒரு வார்த்தைக்கு இருக்கும் மதிப்பு வேறு.

பயம் மட்டும்தான் காரணம் என்றும் நான் நினைக்கவில்லை. ஜவுளிக்கடை சேல்ஸ் என்றால் நாள் முழுக்க நின்றபடி வேலை. உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்தது, அந்த அளவுக்கு அது கஷ்டமான வேலை. இரவு ஒன்பது மணிக்குக் கால் வலியோடு வருகிறவர், வாசலில் குட்டி பெய்துவைத்த மூத்திரத்தை யார் துடைப்பார் என்றுதான் முதலில் யோசிப்பார். அதற்குப் பதில் உன் கடிதத்தில் இல்லை. இரண்டு மாதக் குட்டிக்கு ஒரு நாளில் மூன்று நான்கு தடவை சாப்பாடு வேண்டும், பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே விட வேண்டும். நீங்கள் மூன்று பேருமே பகலில் வீட்டில் இல்லை. தடுப்பூசி போடாத குட்டிக்கு பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் சில நாட்களிலேயே போய்விடும். செவலையோடு பிறந்தவை செத்த காரணம் எனக்குத் தெரியாது, ஆனால் தெருக்குட்டிகளுக்கு இது அடிக்கடி நடப்பது.

அப்பாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "அம்மா சரின்னா சரி" என்பது கேட்க நல்லபடியாக இருக்கிறது. ஆனால் அதனால் மறுக்கிற வேலை முழுவதும் அம்மா தலையில் விழுகிறது, உன் கோபமும் அவர் மேல் மட்டுமே விழுகிறது. அப்பாவிடம் தனியாகக் கேள்: காலையில் ஐந்தரைக்கு எழுந்து நாயை நடத்திக்கொண்டு போவாரா? மருத்துவரிடம் அழைத்துப் போகும் செலவையும் நேரத்தையும் ஏற்பாரா? முடியாது என்றால் அது அவருடைய மறுப்பு, அதை அவர் வாயால் சொல்லட்டும். முடியும் என்றால் அதையும் அவரே அம்மாவிடம் சொல்லட்டும்.

டிபன் பாக்ஸை இன்றிலிருந்து எடுத்துப் போ. பட்டினி கிடந்து வாங்கும் சம்மதத்தை, நாய் முதல் தடவை செருப்பைக் கடித்ததுமே அம்மா திரும்பப் பெற்றுக்கொள்வார்.

இப்போது என் கருத்து. இந்தக் குட்டி, இந்த நேரத்தில், உங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்றே நினைக்கிறேன். உனக்கு இது வலிக்கும், தெரியும். அடுத்த வருஷம் ப்ளஸ் டூ. அதன்பிறகு ஹாஸ்டலுக்குப் போனால் நாய் யாரிடம் இருக்கும்? நல்லபடியாக வளர்ந்தால் அது பத்துப் பன்னிரண்டு வருஷம் வாழும். தேர்வு முடிந்ததும், திருச்சியிலேயே படிக்கப் போகிறாய் என்றால், ஒன்றரை இரண்டு வயதான, தடுப்பூசியும் கருத்தடையும் முடிந்த ஒரு நாட்டு நாயைத் தத்தெடுப்பது பற்றி மூவரும் பேசலாம். வளர்ந்த நாய்க்கு வெளியே போகும் பழக்கம் சீக்கிரம் வரும், அதன் குணமும் முன்பே தெரியும். அம்மா அதை இரண்டு மூன்று தடவை நேரில் பார்த்த பிறகு முடிவு சொல்லலாம். கடைசி வார்த்தை அவருடையதாகவே இருக்கட்டும்.

செவலையை அதற்காகக் கைவிட வேண்டாம். டீக்கடைக்காரரோடும் தெருவில் அக்கறை உள்ள ஒரு பெரியவரோடும் பேசி, அரசு கால்நடை மருந்தகத்தில் அதற்குக் குடல் பூச்சி மருந்தும், மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் போடவை. பிஸ்கட்டுக்குப் பதில் கொஞ்சம் சோறும் வேகவைத்த முட்டையும் வை. உன் ஊசியெல்லாம் முடியும்வரை அதனோடு கை கொடுத்து விளையாடாதே.

ஆனால் உன் சாயங்காலத்துக்குத் தேர்வு முடியும்வரை காத்திருக்க முடியாது. டிவியைப் பார்க்காமலே உட்கார்ந்திருக்கும் அந்த மூன்று நான்கு மணி நேரத்தை அம்மா அப்பாவிடம் அப்படியே சொல். நாய் வேண்டும் என்று கேட்டிருக்கிறாய், தனியாக இருக்கப் பிடிக்கவில்லை என்று ஒருமுறையாவது சொன்னாயா? அவர்களால் வேலை நேரத்தை மாற்ற முடியாமல் போகலாம். அம்மா கடை இடைவேளையில் ஒரு போன் பண்ணலாம். வாரத்தில் சில நாள் நீ தோழி வீட்டில் சேர்ந்து படிக்கலாம், கீழ் வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆள் இருந்தால் அங்கே போய் உட்காரலாம். இதைக் கேட்க உனக்கு உரிமை இருக்கிறது, நாய் வந்தாலும் வராவிட்டாலும்.

இன்னொன்று, நீங்கள் இருப்பது வாடகை வீடு. நாய் வந்தபிறகு வீட்டுக்காரர் மறுத்தால் அதை மறுபடி தெருவில் விட வேண்டியதாகிவிடும், அது குட்டியாகத் தெருவில் இருந்ததைவிடக் கொடுமை. அதனால் அம்மா தலையாட்டிய பிறகும், எந்த நாயையும் பார்க்கப் போவதற்கு முன்னால், அப்பாவை வீட்டுக்காரரிடம் நேரில் போய்க் கேட்கச் சொல்.