கம்பளி நூலுக்குச் சோடா ஆகாது

கேள்வி: குன்னூரில் இருக்கிறேன். மெரினோ கம்பளியும் பட்டும் கலந்த வெள்ளை நூல் வாங்கி, வீட்டிலேயே சாயம் ஏற்றி, சால்வை பின்னி விற்கிறேன். ஈரோட்டில் வாங்கிய சாயத்தோடு, பருத்திக்குச் செய்வதுபோல உப்பும் சலவைச் சோடாவும் போட்டுத் தோய்க்கிறேன். பின்னும்போதே விரலெல்லாம் நீலமாகிவிடுகிறது. நூலும் முரமுரவென்று இருக்கிறது. எந்த ஃபிக்ஸர் போட்டால் சாயம் நிற்கும்? வாங்குபவர்களை எப்படித் துவைக்கச் சொல்வது?

பதில்: ஃபிக்ஸரை விடுங்கள். கோளாறு சோடாவில்.

பருத்தி செடியில் விளைவது, கம்பளி ஆட்டின் முடி. பட்டும் புரதம்தான். நம் தலைமுடியைச் சலவைச் சோடாவில் ஊறவைத்தால் என்ன ஆகுமோ, அதுதான் உங்கள் நூலுக்கும் ஆகியிருக்கிறது. பாட்டிமார் சீயக்காய் தேய்த்தார்களே, அந்த லேசான புளிப்புதான் முடிக்கு ஒத்துக்கொள்ளும். கம்பளியில் சாயம் பிடிக்கவும் புளிப்பு வேண்டும், கூடவே சூடும் வேண்டும். நீங்கள் இரண்டையும் கொடுக்கவில்லை.

இனி 'ஆசிட் சாயம்' என்று கேட்டு வாங்குங்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதற்குத் தேவைப்படும் அமிலம் சமையல் வினிகர்தான். 100 கிராம் நூலுக்கு 1 கிராம் சாயம் போட்டால் நடுத்தரமான நிறம் வரும். இதைக் கண்ணளவில் போடாமல் சின்ன எலெக்ட்ரானிக் தராசில் நிறுத்துப் போடுங்கள். பொடியைக் கலக்கும்போது முகக்கவசம் அவசியம். பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும், அது மறுபடி சமையலுக்குப் போகக் கூடாது.

சிட்டத்தை, அதாவது வளையமாகச் சுற்றிய நூல் கட்டை, நாலு இடத்தில் வெள்ளைப் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கினால் அந்த இடத்தில் வெள்ளைத் திட்டு விழும். வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி நேரம் ஊறட்டும். வேறு பாத்திரத்தில் 3 லிட்டர் தண்ணீர், கரைத்த சாயம், 60 மில்லி வினிகர் விட்டு, ஊறிய நூலை இறக்கி, மெல்ல மெல்லச் சூடேற்றுங்கள். 85 டிகிரியைத் தாண்ட வேண்டாம். கொதித்தால் பட்டின் பளபளப்பு போய்விடும். அந்தச் சூட்டில் அரைமணி நேரம் இருக்கட்டும். கிளறவே கிளறாதீர்கள், எப்போதாவது மெதுவாகப் புரட்டினால் போதும்.

எப்போது இறக்குவது? கடிகாரத்தைவிடத் தண்ணீரைப் பாருங்கள். ஒரு வெள்ளைக் கரண்டியில் மொண்டு பார்த்தால் தண்ணீர் தெளிந்திருக்க வேண்டும். சாயமெல்லாம் நூலுக்குள் போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். தெளியாவிட்டால் இன்னும் கொஞ்சம் வினிகர், இன்னொரு கால்மணி நேரம். மயில் நீலத்துக்கு இந்தப் பொறுமை கட்டாயம் வேண்டும், அது சோம்பேறி நிறம்.

அப்புறம், பாத்திரத்திலேயே முழுசாக ஆறவிடுங்கள். நான் ஆரம்பத்தில் அவசரப்பட்டு, சூடான சிட்டத்தைக் குழாயடியில் காட்டிக் கசக்கினேன். கம்பளி இழையின் மேல் மீன் செதில் போல நுண்ணிய செதில்கள் உண்டு. திடீர்க் குளிர்ச்சியும் கசக்கலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். விலை உயர்ந்த மெரினோ தாம்புக்கயிறு ஆனது. 'சூப்பர்வாஷ்' நூலில் அந்தச் செதில்களை அடக்கியிருப்பார்கள், சீக்கிரம் சிக்குப்பிடிக்காது. ஆனால் அது சாயத்தை மடமடவென்று குடித்துத் திட்டுத்திட்டாகிவிடும். அதற்கு வினிகரைக் கடைசியில், சாயம் எங்கும் பரவிய பிறகு ஊற்றுங்கள்.

ஏற்கெனவே தோய்த்த நூலை முதலில் வினிகர் கலந்த தண்ணீரில் அலசிச் சோடாவை முறியுங்கள். பிறகு புதுச் சாயம் போடாமல், மேலே சொன்ன அதே வினிகர், அதே சூடு. கொஞ்சம் சாயம் பிடித்துக்கொள்ளும், மீதி அலசலில் போகும், நிறம் வெளுக்கும். ஈர வெள்ளைத்துணியால் அழுத்தி, கறை ஒட்டாத பிறகே பின்ன எடுங்கள். முரமுரப்பு மட்டும் போகாது, அந்த நூலை வீட்டு உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பச்சைத் தண்ணீரில் உப்போ வினிகரோ போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். சூடு இல்லாமல் அது நடக்காது.

இன்னொன்று. கைச்சாயத்தில் ஒரே சமயத்தில் தோய்த்த இரண்டு சிட்டம்கூட அச்சாக ஒத்துப்போகாது. பெரிய சால்வைக்கு இரண்டு உருண்டைகளை வைத்துக்கொண்டு, இரண்டு வரிக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் பின்னுங்கள், வித்தியாசம் தெரியாது.

வாங்குபவருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பூ விட்டு 15 நிமிடம் ஊறவைக்க வேண்டும். தேய்க்கவோ முறுக்கவோ கூடாது. துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்து, நிழலில் படுக்கை வசமாகப் பரப்ப வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் நீண்டுவிடும். என்சைம் கலந்த சலவைத்தூள் வேண்டவே வேண்டாம். ரத்தம், பால் போன்ற புரதக் கறையைக் கரைக்கும் என்சைமுக்குக் கம்பளியும் பட்டும் வேறாகத் தெரியாது. குளிர்காலம் முடிந்து உள்ளே வைக்கும் முன் துவைக்கச் சொல்லுங்கள். கம்பளியை அரிப்பது அந்துப்பூச்சியின் புழு. வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும் இடத்தை அது விரும்பித் தின்னும்.