படக் கோப்பு 4 மெகாபைட்தான். அப்படியிருக்க, ஆண்ட்ராய்டு செயலி நினைவகம் போதாமல் மூடிக்கொள்வது ஏன்?

கேள்வியில் சொல்லியிருப்பது இதுதான்: கேமராவில் எடுத்த பில்லின் படத்தைச் செயலியில் திறந்து, நேராகத் திருப்பி, கறுப்பு வெள்ளையாக்கிச் சேமிக்க வேண்டும், சில போன்களில் அந்த வேலைக்கு நடுவே செயலி மறைந்துவிடுகிறது.

முதலில் கோப்பின் அளவைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். ஜேபெக் என்பது சேமிப்பதற்காகச் சுருக்கி வைத்த வடிவம் மட்டுமே. திரையில் காட்டவோ திருத்தவோ வேண்டுமானால் ஒவ்வொரு பிக்சலையும் நினைவகத்தில் விரித்தாக வேண்டும். ஆண்ட்ராய்டு வழக்கமாகக் கையாளும் ஏஆர்ஜிபி 8888 முறையில் ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்பதால், 4000 × 3000 அளவுள்ள 12 மெகாபிக்சல் படம் 48 மெகாபைட்டையும், 50 மெகாபிக்சல் படம் ஏறத்தாழ 200 மெகாபைட்டையும் பிடித்துக்கொள்ளும். ஜேபெக் தரத்தை 90இலிருந்து 60ஆகக் குறைத்துப் பார்க்கும்படி சிலர் சொல்வதுண்டு. அதனால் கோப்புதான் சிறுக்குமே தவிர, இந்தக் கணக்கில் ஒரு பைட்கூடக் குறையாது.

உங்கள் செயலியைக் கவிழ்ப்பது பெரும்பாலும் முதல் 48 மெகாபைட் அன்று, அதன் நகல்கள். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் நினைவகப் பயன்பாட்டை வரைகோடாகக் காட்டும் மெமரி ப்ரொஃபைலரைத் திறந்து வைத்துக்கொண்டு செயலியை இயக்கினால் வரைகோடு படிக்கட்டுப்போல ஏறுவதைப் பார்க்கலாம்: படம் திறந்ததும் 48, எக்சிஃப் குறிப்பின்படி (திசை முதலியவற்றைக் கேமரா கோப்பிலேயே எழுதிவைக்கும் குறிப்பு) மேட்ரிக்ஸ் கொடுத்துத் திருப்பியதும் புதிய பிட்மேப் (நினைவகத்தில் விரித்த படம்) ஒன்று உருவாகி 96, கறுப்பு வெள்ளைக்கு இன்னொன்று உருவாகி 144. பழையவற்றை, திரைக்கான தரவைத் தாங்கும் வ்யூமாடலில் ஏதாவதொரு மாறி பிடித்துக்கொண்டிருக்கும்வரை அவை விடுபடுவதில்லை.

முன்னோட்டத்துக்கு இவற்றில் எதுவுமே தேவையில்லை. இன்ஜஸ்ட்டீகோட்பவுண்ட்ஸ் என்ற அமைப்பை இயக்கி முதலில் படத்தின் நீள அகலத்தை மட்டும் படித்துவிட்டு, படத்தை எத்தனை மடங்கு சிறிதாக்கித் திறப்பது என்று சொல்லும் இன்சேம்பிள்சைஸுக்குத் திரைக்கு ஏற்ற மதிப்பைக் கொடுத்து மறுமுறை திறக்க வேண்டும். 2 என்று கொடுத்தால் நீளமும் அகலமும் பாதியாகி, 48 மெகாபைட் 12 ஆகிவிடும்; 1080 பிக்சல் அகலத் திரைக்கு அதுவே மிகுதி. இந்த மதிப்பு 2இன் அடுக்காகக் கீழ்நோக்கி முழுமையாக்கப்படுவதால், 3 என்று கொடுத்தாலும் 2தான் கிடைக்கும். கேலரியிலிருந்து ஸ்ட்ரீமாகப் படிப்பவர்கள், அளவைப் படித்த பிறகு அந்த ஸ்ட்ரீமை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும். பாதி படித்த ஸ்ட்ரீமையே மறுபடி கொடுத்தால் பிட்மேப்புக்குப் பதிலாக நல் என்ற வெற்று மதிப்பு வந்து நிற்கும். கறுப்பு வெள்ளைத் தோற்றத்தையும் நகல் எடுக்காமல், திரையில் படம் காட்டும் இமேஜ்வ்யூவின்மேல், நிறத்தை மாற்றும் கலர்மேட்ரிக்ஸ் வடிகட்டியாகவே போட்டுக் காட்டலாம்.

முழு அளவில் சேமிப்பதுதான் சற்றுக் கடினமான பகுதி. அதற்கு மாற்றக்கூடிய பிட்மேப் ஒன்றை மட்டும் திறந்து, 64 வரிகள் கொண்ட பட்டையாக கெட்பிக்சல்ஸ் மூலம் எடுத்து, நிறம் மாற்றி, செட்பிக்சல்ஸ் மூலம் அதே இடத்தில் திரும்ப வைத்துக்கொண்டே போனால், கூடுதல் செலவு ஏறத்தாழ 1 மெகாபைட்டோடு நின்றுவிடும். திருப்புவதற்காகப் பிக்சல்களைத் தொடவே வேண்டாம். சேமித்த கோப்பில் எக்சிஃப் திசைக் குறிப்பை எழுதிவிட்டால், அதை மதிக்கும் செயலிகளில் படம் நேராகத் தெரியும். பில்லைப் படிப்பதற்கு முழு அளவு வேண்டுமா என்பதையும் ஒருமுறை யோசியுங்கள். நீள் பக்கம் 2000 பிக்சல் இருந்தால் எழுத்துகள் பொதுவாகத் தெளிவாகவே இருக்கும். மிகப் பெரிய வரைபடம் போன்றவற்றைப் பெரிதாக்கிப் பார்க்க வைப்பதென்றால், தெரியும் பகுதியை மட்டும் திறக்கும் பிட்மேப்ரீஜன்டீகோடர் இருக்கிறது.

செயலியின் அமைப்புக் கோப்பான மேனிஃபெஸ்டில், கூடுதல் நினைவகம் கேட்கும் லார்ஜ்ஹீப் குறிப்பைச் சேர்த்துவிடும் வழக்கம் இன்னும் போகவில்லை. 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8.0 முதல் பிட்மேப்பின் பிக்சல்கள், செயலியின் பொருள்களுக்கென வரம்போடு ஒதுக்கிய ஜாவா ஹீப்பில் இல்லாமல், அதற்கு வெளியே உள்ள நேட்டிவ் நினைவகத்தில் இருக்கின்றன. லார்ஜ்ஹீப் பெருக்குவதோ ஜாவா ஹீப்பின் வரம்பை. ஆகவே புதிய போன்களில் அவுட்ஆஃப்மெமரி பிழை வராமலேயே போனின் மொத்த நினைவகமும் நெருக்கடிக்கு உள்ளாகி, இயங்குதளமே செயலியை நிறுத்திவிடக்கூடும். கிராஷ் பதிவில் எதுவும் இல்லையே என்று நீங்கள் குழம்பியதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். 200 மெகாபைட் பிட்மேப்பை அப்படியே இமேஜ்வ்யூவில் வைத்தாலோ வேறு பிழை வரும்: 100 மெகாபைட்டைத் தாண்டிய பிட்மேப்பை வரைய ஆண்ட்ராய்டு மறுத்துவிடுகிறது.

பட்டியல்களில் சிறுபடம் காட்டுவதை, படம் ஏற்றும் நூலகங்களான கிளைடிடமோ காயிலிடமோ விட்டுவிடுங்கள். வ்யூவின் அளவுக்கேற்ப அவையே குறைத்துத் திறக்கும். கிளைடில் அசல் அளவு வேண்டும் என்று ஓவர்ரைடு கொடுத்து அந்த நன்மையைக் கெடுத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும். சோதிக்கும்போது 2 ஜிபி ரேம் உள்ள பழைய போன் ஒன்றில் கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி வழியாக, நினைவகக் கணக்கைக் காட்டும் டம்ப்சிஸ் மெம்இன்ஃபோ கட்டளையை ஓட்டி, ஜாவா ஹீப் வரியை மட்டும் பார்க்காமல் நேட்டிவ் ஹீப், கிராஃபிக்ஸ் வரிகளையும் பாருங்கள். பத்துப் படங்களை அடுத்தடுத்துத் திறந்து மூடிய பிறகும் அந்த எண்கள் இறங்கவில்லையென்றால், எங்கோ ஒரு மாறி பழைய பிட்மேப்பை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது.